உங்களுக்குத் தெரியுமா? சும்மா கிடக்கிற இலைக்குத்தான் விலை ஏறுது!

ஒரு கிலோ டீத்தூள் வேண்டுமா? நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும்! மீதி மூன்றரைக் கிலோ எங்கே போச்சு? அத்தனையும் தண்ணீர்! ஆவியாகி மலைக்காற்றில் கலந்துவிடுகிறது!

நீலகிரியில் பந்தலூர் பக்கம் சேரங்கோட்டுக்குப் போயிருக்கிறீர்களா? வளைவு வளைவாகப் பச்சை இலை ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டிகள் போகும். ஒரு டன் இலை ஏற்றிய வண்டி உண்மையில் எதைச் சுமக்கிறது தெரியுமா? 770 கிலோ தண்ணீரை! டீசலில் முக்கால் பங்கு தண்ணீருக்கே செலவு!

தேயிலைத் தொழிற்சாலை ஏன் தோட்டத்துக்கு நடுவிலேயே நிற்கிறது? பாதிக் காரணம் இதோ கிடைத்துவிட்டது! மீதிப் பாதி இன்னும் சுவாரசியம். பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது! மூச்சு விட்டால் சூடு வரும். சாக்கில் திணித்து, மேலே ஏறி மிதித்து அமுக்கினால், உள்ளே இருக்கிற இலை வெந்து சிவந்துவிடும்! அந்த இலையில் எந்த மெஷினும் நல்ல டீ போட முடியாது!

நிர்வாகவியல் புத்தகங்களில் 'மதிப்புக் கூட்டும் வேலை' என்று ஒரு பாடம் உண்டு. பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். ஆனால் சாரம் மூன்றே கேள்வி! வேலையால் பொருள் மாறுகிறதா? வாங்குகிறவர் அதற்குக் காசு கொடுப்பாரா? முதல் தடவையிலேயே சரியாகச் செய்தாச்சா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால்தான் அது மதிப்புக் கூட்டும் வேலை! ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் பட்டியலில் இடமில்லை!

இந்தச் சல்லடையில் போட்டால் எந்தத் தொழிற்சாலையிலும் முக்கால்வாசி ஓட்டமும் நடையும் கீழே விழுந்துவிடும்! தூக்குவது, இறக்குவது, அடுக்குவது, எண்ணுவது, காத்திருப்பது... எதுவும் தேறாது! வியர்வை கொட்டினாலும் தேறாது!

ஆனால் தேயிலையில் ஒரு அதிசயம்! சும்மா கிடப்பதே அங்கே வேலை!

பறித்து வந்த இலையைக் கம்பி வலை போட்ட நீளத் தொட்டியில் பரப்புகிறார்கள். அடியில் மின்விசிறி ஓடுகிறது. அவ்வளவுதான்! 12 முதல் 16 மணி நேரம் இலை அப்படியே படுத்துக்கிடக்கும். பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். உள்ளே நடப்பதோ ஒரு ரசாயனத் திருவிழா! வாசனைக்கான பொருள்கள் உருவாகின்றன. புரதம் உடைந்து அமினோ அமிலமாகிறது. காஃபீன்கூட ஏறுகிறது! ராத்திரி முழுக்க ஆள் யாரும் கை வைக்காமலே!

ராத்திரி 100 கிலோ இலை போட்டால் காலையில் எவ்வளவு இருக்கும்? 77 கிலோ! எடை குறைகிறது, மதிப்பு ஏறுகிறது! வேறு எந்தச் சரக்கில் இப்படி நடக்கும், சொல்லுங்கள்!

இலை சரியாக வாடியதா என்று பார்க்க மெஷின் வேண்டாம். தயாரிப்பைக் கவனிக்கிற டீ மேக்கர் ஒரு பிடி இலையை அள்ளுவார். இறுக்கி உருண்டையாகப் பிடிப்பார். கையை விரிப்பார். உருண்டை சட்டென்று பிரிந்தால் இன்னும் வாட வேண்டும். பிரியாமல் அப்படியே நின்றால் சரி! காம்பை மடக்கினால் ஒடியக் கூடாது, வளைய வேண்டும். ஐந்தே விநாடியில் தீர்ப்பு!

அடுத்து வருவதுதான் சிடிசி மெஷின்! நசுக்கு, கிழி, சுருட்டு - மூன்று வேலையையும் ஒரே மூச்சில் செய்கிறது. பல் வைத்த இரண்டு உருளைகள், எதிரெதிராகச் சுற்றுகின்றன. ஒன்று 70 சுற்று சுற்றினால் இன்னொன்று 700 சுற்று! பத்து மடங்கு வேகம்!

இதைக் கண்டுபிடித்தது பெரிய ஆராய்ச்சிக் கூடம் என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! அசாமில் அம்கூரி எஸ்டேட்டில் சூப்பரின்டென்டென்டாக இருந்த வில்லியம் மெக்கெர்ச்சர்! 1930ல்! இன்று இந்தியாவில் தயாராகும் தேயிலையில் பெரும்பங்கு அவர் வழி வந்த மெஷின்களில்தான் அரைபடுகிறது!

16 மணி நேரம் படுத்துக்கிடந்த இலை, சிடிசி வரிசையைக் கடக்க எவ்வளவு நேரம்? சில நிமிஷம்!

அரைபட்ட பச்சைத் தூள் மறுபடியும் சும்மா இருக்கப் போகிறது. சுமார் ஒரு மணி நேரம். காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன் வந்து வேலையை எடுத்துக்கொள்கிறது! பச்சை, செம்பு நிறமாக மாறுகிறது. டீயின் நிறம், துடிப்பு, துவர்ப்பு எல்லாம் இங்கேதான் பிறக்கிறது. காற்றுக்குச் சம்பளம் உண்டா? ஒரு பைசா கிடையாது!

இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் இன்னும் நல்லா வருமே என்று ஆசைப்படாதீர்கள்! பளிச்சென்ற தன்மை ஒரு உச்சிக்குப் போகும். அப்புறம் இறங்க ஆரம்பித்துவிடும். நிறம் கறுக்கும், துடிப்பு போய்விடும். அதுவரை மதிப்பைக் கூட்டிய அதே காத்திருப்பு, அந்த நிமிஷத்திலிருந்து மதிப்பைத் தின்கிறது! கடிகாரம் பார்க்கத் தெரிந்த ஆள்தான் அங்கே ராஜா!

சூடான காற்றில் சுமார் 20 நிமிஷம் உலர்த்தினால் ஈரம் எவ்வளவு மிச்சம்? வெறும் 3 சதவீதம்! பறிக்கும்போது 77!

உலர்ந்த தூளைச் சலிக்கிறார்கள். ரகம் பிரிக்கிறார்கள். சலித்தது போதாது, இன்னொரு தரம் சலிப்போம் என்றால் என்ன ஆகும் தெரியுமா? தூள் ஒன்றோடொன்று உரசி, மேலே இருக்கிற மினுமினுப்பு தேய்ந்து, கறுப்பு போய்ச் சாம்பல் பூத்துவிடும்! விலை இறங்கும்! கூடுதலாக வேலை செய்ததற்குத் தண்டனை! 'அதிகப்படி பதப்படுத்தல்' என்று நிர்வாகவியல் சொல்கிற குற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? சாம்பல் பூத்த டீத்தூளைப் பாருங்கள்!

இப்போது தோட்டத்துக்குள் வாருங்கள்.

தேயிலைச் செடி உண்மையில் செடியே இல்லை, மரம்! விட்டால் 30 அடியைத் தாண்டி வளரும்! அதை இடுப்பு உயரத்தில் நிறுத்தி வைத்திருப்பது கவாத்துக் கத்தி! நாலைந்து வருஷத்துக்கு ஒரு தரம் கவாத்து. வெட்டிய செடியில் மாதக்கணக்கில் கொழுந்து வராது. வருமானம் பூஜ்யம்! இதற்குக் காசு கொடுக்கிற டீ குடிப்பவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. ஆனாலும் செய்தே தீர வேண்டும்! இப்படிப்பட்ட வேலைகளுக்கு நிர்வாகவியலில் தனிப் பெட்டியே உண்டு: மதிப்பைக் கூட்டாது, விட்டுவிடவும் முடியாது!

இரண்டு இலை, ஒரு மொட்டு! சத்தெல்லாம் அந்த நுனியில்தான். கீழே போகப் போக நார்தான் அதிகம். மூன்றாவது, நாலாவது இலையையும் சேர்த்துப் பறித்தால் தராசில் எடை ஏறும். தொழிற்சாலையில் தலைவலியும் ஏறும்! அந்த நாரை எப்படிப் பிரிக்கிறார்கள் தெரியுமா? மின்சார மாயம்! பிளாஸ்டிக் உருளையைக் கம்பளித் துணியில் உரச விடுகிறார்கள். உரசலில் நிலைமின்சாரம் பிறக்கிறது. நார் தானாக எழும்பி உருளையில் ஒட்டிக்கொள்கிறது! சின்ன வயதில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டை இழுத்தோமே, அதே வித்தை!

அழகான மெஷின்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள்! தோட்டத்தில் பறித்திருக்கவே வேண்டாத காம்பை லாரியில் ஏற்றி, வாட்டி, அரைத்து, உலர்த்தி, கடைசியில் மின்சாரம் வைத்துப் பிடுங்குகிறோம்! ஒரு காம்புக்கு ஐந்து வெட்டி வேலை! என்னைக் கேட்டால், ஒரு டீ எஸ்டேட்டில் மிக உயர்ந்த தொழில்நுட்பம் கொழுந்து பறிக்கிற அக்காக்களின் விரல் நுனியில் இருக்கிறது. எதைப் பறிப்பது, எதை விடுவது என்று கண் இமைக்கிற நேரத்தில் முடிவு எடுக்கிற விரல்! தொழிற்சாலையில் எத்தனை மெஷின் ஓடினாலும், கெட்ட கொழுந்தை அவை நல்ல கொழுந்தாக்கியதே இல்லை!

சீசனில் ஒரே செடிக்கு எத்தனை நாளுக்கு ஒரு தரம் வர வேண்டும்? 7 முதல் 10 நாள்! தவறினால் கொழுந்து முற்றிவிடும். சேரங்கோடு, சேரம்பாடி பக்கம் இதற்கு ஒரு பெரிய தடை உண்டு. யானை! கூட்டமாக வந்து தேயிலைக்குள் நின்றால் அந்தப் பக்கம் யாரும் இறங்கக் கூடாது, இறங்குவதும் இல்லை. உயிரைவிடக் கொழுந்து பெரிதில்லை! உலகத்தில் எந்த நிர்வாகவியல் புத்தகமும் 'யானை போகக் காத்திருத்தல்' என்று ஒரு தலைப்பு எழுதவில்லை. பந்தலூரில் எழுதலாம்!

மழையையும் சொல்லாமல் விட முடியாது! தேவாலா, பந்தலூர், சேரம்பாடி - தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டு மழைப் பட்டியலில் முதல் வரிசைப் பெயர்கள்! நனைந்த கொழுந்தில் உள்ளே இருக்கிற 77 போதாதென்று மேலேயும் தண்ணீர்! அதை முதலில் விசிறி போட்டு உலர்த்தி, அப்புறம்தான் வாட்ட ஆரம்பிக்க முடியும். மழைத்தண்ணீரை விரட்ட எரிகிற மின்சாரத்தால் டீக்கு ஒரு துளி ருசிகூட ஏறாது!

சேரங்கோட்டுத் தேயிலைக்குப் பின்னால் ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது! ஆமாம்! 1964 அக்டோபர் 30. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன மலையகத் தமிழர் எண்ணிக்கை? 5,25,000!

அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976ல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. நாம் டேன்டீ என்கிறோமே, அதுதான்! அதன் தோட்டங்களில் ஒன்று சேரங்கோடு! கண்டியிலும் நுவரெலியாவிலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த கைகள் கடல் தாண்டி வந்து இந்த மலையைப் பச்சையாக்கின. கப்பலில் அவர்கள் கொண்டுவந்த மூட்டை முடிச்சில் எந்தச் சுங்க அதிகாரியும் எடை போட முடியாத சரக்கு அந்தக் கைத்திறன்தான்!

அதற்கும் முன்னால் இதே பந்தலூர், தேவாலா மண்ணில் என்ன தேடினார்கள் தெரியுமா? தங்கம்! 1880 வாக்கில் லண்டனில் டஜன் கணக்கில் கம்பெனிகள் முளைத்தன. பங்கு விற்றார்கள். மெஷின்களை மலையேற்றினார்கள். பாறையை வெட்டினார்கள், சுமந்தார்கள், இடித்தார்கள். வேலைக்குக் குறைவே இல்லை! கிடைத்த தங்கம் செலவுக்குக்கூடக் காணவில்லை. சில வருஷத்தில் எல்லாம் காலி! அத்தனை பவுண்டு கொட்டிய மலையில் கடைசியில் நின்று நிலைத்தது என்ன? தேயிலை!

கொஞ்சம் உலகத்தையும் சுற்றிவிட்டு வரலாமா!

1776. ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிற்சாலையைப் பார்த்து எழுதினார். 18 வேலையாகப் பிரித்து 10 பேர் செய்தால் ஒரு நாளைக்கு 48,000 குண்டூசி!

அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், செங்கல் அடுக்குகிறவரின் கை அசைவுகளை எண்ணினார். ஒரு கல்லுக்கு 18 அசைவு! குனிவது, எடுப்பது, திருப்புவது... செங்கலை இடுப்பு உயரத்தில் வைத்தார். 18 அசைவு 5 ஆனது! மணிக்கு 120 கல் வைத்தவர் 350 கல் வைத்தார்! களைப்பும் குறைந்தது! கவாத்து செய்து செடியை இடுப்பு உயரத்தில் நிறுத்திய நம் மலைக்காரர்கள் சபாஷ் போட்டிருப்பார்கள்!

1913, ஃபோர்டு. ஒரு கார் பூட்ட 12 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நகரும் வரிசை வந்த பிறகு? 93 நிமிஷம்!

ஜப்பானில் டொயோட்டாவின் டாய்ச்சி ஓனோ வீண் வேலைகளை ஏழு வகையாகப் பிரித்தார். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, அங்கே இங்கே சுமப்பது, அதிகப்படி பதப்படுத்துவது, சரக்கைக் குவிப்பது, தேவையில்லாமல் அசைவது, பழுதாகச் செய்வது. இதில் எது மோசம்? தேவைக்கு மேல் செய்வதுதான் என்றார் ஓனோ! மற்ற ஆறும் அதன் குட்டிகளாம்!

அதே டொயோட்டாவில் ஒரு ராட்சத பிரஸ்ஸின் அச்சை மாற்ற 4 மணி நேரம் ஆனது. பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ வந்தார். 90 நிமிஷமாகக் குறைத்தார். போதாது என்றது நிர்வாகம். கடைசியில் எவ்வளவு தெரியுமா? 3 நிமிஷம்!

உச்சகட்ட ஆச்சரியம் இதோ! ஒரு கோலா டப்பாவைக் கணக்குப் பார்த்தார்கள் வோமாக், ஜோன்ஸ் என்ற இருவர். பாக்சைட் சுரங்கத்தில் தொடங்கி, வீட்டுக் குளிர்பெட்டியில் வந்து, குடித்து முடிக்கிறவரை 319 நாள்! அதில் பொருளை உண்மையாக மாற்றிய நேரம்? 3 மணி நேரம்! மீதி 318 நாளுக்கு மேல் கிடங்கு, கப்பல், லாரி, மறுபடி கிடங்கு!

நம் தேயிலை? பறித்து ஒரு நாளில் தூளாகிவிடும்! கோலா டப்பா வெட்கப்பட வேண்டும்! ஆனால் அப்புறம் மூட்டையாகிறது. கிடங்குக்குப் போகிறது. சாம்பிள் போகிறது. ஏலப் பட்டியலில் ஏறுகிறது. வாரக்கணக்கில் காத்திருக்கிறது. பச்சை இலை படுத்துக்கிடந்தால் மதிப்பு ஏறுகிறது, தூள் படுத்துக்கிடந்தால் ஏறுவதில்லை! காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துப் பழசாகிவிடும்! மூட்டைக்குள் அலுமினியத் தாள் போடுவது அதற்காகத்தான்.

மதுரையிலும் ஓர் ஓனோ இருந்தார்! டாக்டர் ஜி. வெங்கடசாமி. அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை! ஒன்றில் அறுவை முடியும்போதே அடுத்ததில் நோயாளி தயார். டாக்டர் திரும்பினால் போதும்! டாக்டரின் கை காத்திருக்கிற நேரம் அநேகமாகப் பூஜ்யம்! அப்படி மிச்சமான நிமிஷங்களில்தான் லட்சக்கணக்கான ஏழைகளுக்குப் பார்வை கிடைத்தது!

சென்னையின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1998ல், தரத்துக்காக ஜப்பான் கொடுக்கிற டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவிலேயே முதல்!

மறுபடி மலைக்கு! குன்னூரில் தேயிலை ஏலம் எப்போது தொடங்கியது? 1963! அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1962ல், குந்தாவில் சிறு விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஆரம்பித்துவிட்டார்கள்! பச்சை இலையாக விற்றால் கிடைக்கிற காசு வேறு, தூளாக்கி விற்றால் கிடைக்கிற காசு வேறு என்பதை எந்த வகுப்பிலும் உட்காராமல் புரிந்துகொண்டவர்கள்! இன்று ரேஷன் கடையில் நீங்கள் வாங்குகிற 'ஊட்டி டீ' அந்தக் கூட்டுறவுகளின் பொட்டலம்தான்!

டீ ருசி பார்க்கிறவர் சத்தமாக உறிஞ்சுவார், நாக்கில் புரட்டுவார், துப்பிவிடுவார்! ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோப்பை! அவர் நாக்கு சொல்கிற விலைதான் ஏலத்தின் ஆரம்பம். ஆனால் புத்தகப்படி சோதிப்பது மதிப்புக் கூட்டும் வேலை இல்லையாம்! ருசி பார்த்ததால் டீ மாறவில்லையே!

ருசி பார்க்க டீ போடுவதற்குச் சர்வதேச விதியே உண்டு! ஐஎஸ்ஓ 3103! 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிஷம்! இதே மாதிரி டீ போடும் முறையை 6 பக்கத்துக்கு எழுதிய பிரிட்டிஷ் தர நிறுவனத்துக்கு 1999ல் இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசு கொடுத்தார்கள்!

ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்றால் ஒரு கிலோவில் எத்தனை டீ? 500!

எல்லாவற்றிலும் குறைவாகக் கை படுகிற டீ எது தெரியுமா? வெள்ளைத் தேயிலை! அரைக்க வேண்டாம், சுருட்ட வேண்டாம். மொட்டைப் பறித்து, வாட்டி, உலர்த்தினால் தீர்ந்தது! விலையோ சாதாரணத் தூளைப் போலப் பல மடங்கு! பறிப்பதில்தான் முழுச் சூட்சுமமும்!

இனி வருவது எங்கள் வேட்டையில் சிக்கிய பெரிய மீன்! மதிப்பு எங்கே கூடுகிறது என்பதைச் சட்டமே கோடு போட்டுக் காட்டுகிறது!

பச்சைத் தேயிலைக்கு ஜிஎஸ்டி எவ்வளவு? பூஜ்யம்! அதையே வாட்டி, அரைத்து, உலர்த்திவிட்டால்? 5 சதவீதம்! தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போதே வரி பிறந்துவிடுகிறது!

வருமான வரி இன்னும் ஒரு படி மேலே! தானே வளர்த்து, தானே தயாரித்து விற்கிற தேயிலையின் வருமானத்தில் எவ்வளவு விவசாயம், எவ்வளவு தொழில்? 1962 வருமான வரி விதிகளில் 8ஆவது விதி ஒரே வெட்டாக வெட்டியது. 60 பங்கு விவசாயம், 40 பங்கு தொழில்! பாதிக்கும் மேலான பெருமை தோட்டத்துக்கே! கொழுந்து பறிக்கிற விரலைப் பற்றி மேலே சொன்னோமே, வரி அதிகாரிகளும் நம் கட்சிதான்!

ரப்பருக்கு? தொழில் 35 பங்கு!

பந்தலூர் பக்கம் தேயிலைக்குப் பக்கத்திலேயே காப்பியும் நிற்கிறது. அதற்கும் கணக்கு உண்டு. காப்பிக் கொட்டையைப் பதப்படுத்தி அப்படியே விற்றால் தொழில் பங்கு 25. அதையே வறுத்து, அரைத்து விற்றால் 40! வறுக்கிற சட்டிக்கும் அரைக்கிற மெஷினுக்கும் சேர்த்துச் சட்டம் போட்ட மதிப்பு, சுளையாக 15 சதவீதம்!